பென்சிலை நம்பாதவர்

பென்சிலை நம்பிய எந்தச் சாம்ராஜ்யமும் நிலைத்ததில்லை. இர்பித் நகர மருத்துவமனை ஒன்றின் டேப் அறைச் சுவரில் இந்த வாசகம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. எழுதி மாட்டியவர், அந்த அறைக்குப் பொறுப்பாளரான அபூ குதைபா.

புதன்கிழமை பகலில், அதன் கீழே நின்றுதான் அவர் பதினேழாம் டேப்பை எந்திரத்தில் செருகினார். ஏசி வேலை செய்யவில்லை, வெளியே ஆகஸ்ட் மாதம். கோட்டை மட்டும் அவர் கழற்றவில்லை. இடப்பக்க மார்பை அடிக்கடி தொட்டு அழுத்திக்கொண்டார்.

"நெஞ்சு வலியா, அபூ குதைபா?" என்றாள் உதவிப் பொறியாளர் ருதைனா. "மாடியிலதான் இதய டாக்டருங்க இருக்காங்க. லிஃப்ட் கூட இன்னைக்கு ஓடுது."

"வேலையைப் பாரும்மா."

வேலை இதுதான். எந்த நோயாளியின் ஸ்கேன் படம் எந்த டேப்பில் இருக்கிறது என்று சொல்லும் பட்டியல், கணினியோடு திங்கட்கிழமை செத்துப்போயிருந்தது. இனி முந்நூற்று நாற்பது டேப்பையும் ஒவ்வொன்றாகப் படிக்கவைத்துத்தான் பட்டியலைத் திரும்பக் கட்ட வேண்டும். ஒரு டேப்புக்கு மூன்று மணி நேரம்.

"மொத்தம் நாற்பத்திரண்டு நாள்" என்றாள் ருதைனா. "எல்லா டேப்பு மேலயும் நான் மாசத்தையும் வருஷத்தையும் எழுதி ஒட்டியிருந்தேன். நோட்டுலயும் எழுதி வச்சிருந்தேன்."

"அது இப்ப எதுக்கு?"

"போன வருஷம் நீங்கதான் ஒட்டினதையெல்லாம் உரிச்சுப் போட்டீங்க. மளிகைக் கடை வைக்கப் போறியான்னு எல்லார் முன்னாடியும் கேட்டீங்க. நீங்க சிரிச்ச சிரிப்புல நோட்டை அன்னைக்கே குப்பையில போட்டேன்."

அபூ குதைபா மறுபடி மார்பைத் தொட்டுக்கொண்டார்.

அறுவை மருத்துவர் வஜீஹ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஹாஜ்ஜா இனாயத்தோட பழைய படம் கிடைச்சுதா? ஆறு வருஷம் முந்தி, மார்ச்சுல எடுத்தது. அதைப் பார்க்காம அந்த அம்மா நெஞ்சுல நான் கத்தி வைக்க மாட்டேன்."

"படிச்சிட்டிருக்கோம், டாக்டர்."

"செவ்வாய்க்கிழமை வெறும் வயித்தோட படுக்க வச்சுத் திருப்பி அனுப்பினோம். இன்னைக்கும் அதே கதை. காலையில மயங்கி விழுந்துட்டாங்க. நாளைக்கு எட்டு மணிக்கு மேல தள்ள முடியாது." வாசலில் நின்று ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். "அவங்க மகன் கொடுத்த கஅக் பிஸ்கட். கீழ ஒரு மனுஷன் எங்கம்மாவுக்காக ராப்பகலா உட்கார்ந்திருக்காராமே, அவருக்குக் கொடுங்கன்னான்."

ருதைனா ஒன்றை எடுத்துக் கடித்தாள். அபூ குதைபா எடுக்கவில்லை. கழிவறைக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிப் போனார்; இரண்டே நிமிடத்தில் வந்தார்.

"இருநூத்திப் பதினேழைப் போடு."

"வரிசையாத்தான் போடணும்னு சட்டம் போட்டதே நீங்கதானே?"

"போடும்மா. தோணுது."

மூன்று மணிக்கு ஹாஜ்ஜாவின் இதயம் திரையில் துடித்தது. டாக்டர் இறங்கி வந்து அபூ குதைபாவைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டார்.

"முந்நூத்தி நாற்பதுல ஒண்ணை மனசுலேயே வச்சிருந்தாரே மனுஷன். கணினி தோத்துச்சு."

"ஏதோ, ஞாபகம் இருந்துச்சு" என்றார் அபூ குதைபா தரையைப் பார்த்தபடி. காது மடல் சிவந்திருந்தது.

எல்லோரும் மாடிக்கு ஓடினார்கள். அறையில் அவரும் பொட்டலமும் மிச்சம். ஒரு கஅக்கை எடுத்தார், வாய்வரை கொண்டுபோனார், திரும்ப வைத்தார்.

பிறகு கோட்டின் உள்பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை வெளியே எடுத்தார். உரித்துப் போடும் முன் ருதைனாவின் ஒவ்வொரு சீட்டையும் பார்த்து, அவர் கையாலேயே எழுதிவைத்த நோட்டு. பென்சில் முனையை நாக்கில் தொட்டு, 'இருநூற்றுப் பதினேழு, இன்று எடுத்தது' என்று எழுதினார்.

கைப்பையை மறந்துவிட்டுப் போன ருதைனா அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். நோட்டின் முதல் பக்கத்திலிருந்த தேதியை அவரது தோளுக்கு மேலிருந்து படித்தாள். ஒரு வருடப் பழசு.

"அப்போ, எது எங்கேன்னு திங்கக்கிழமையே உங்களுக்குத் தெரியும்."