கைகாட்டி இறங்காத ஒன்பது மாதம்

வரப்போகிறவருக்காக, இருக்கிறவரை நிறுத்திவைக்கும் வழக்கம் உங்கள் வீட்டிலும் உண்டா?

ஒரு மேசைமேல் வட்டமாகக் கிடந்த பொம்மைத் தண்டவாளத்தில் சாவி எஞ்சின் ஒன்று தினமும் ஓடிக்கொண்டிருந்தது. பழங்கால மின்சார எஞ்சினின் புதிய மாதிரி ஒன்று வரப்போவதாகச் சேதி வந்த அன்று, தண்டவாளத்தோரம் நின்ற சிக்னல் கைகாட்டி தன் கையை நீட்டி வழியை அடைத்தது.

"பெரியவர் வரும் பாதை. உன் சக்கரம் பட்டுத் தேயக் கூடாது" என்றது.

"முழுச் சாவியும் கொடுத்தாகிவிட்டது, அண்ணே. உள்ளே சுருள்வில் வலிக்கிறது. ஒரே ஒரு சுற்று?"

"வரவேற்புக்கு ஒத்திகை நடக்கிற நேரத்தில் உனக்குச் சுற்று கேட்கிறதா?"

ஒன்பது மாதம் கைகாட்டி வரவேற்புரையை ஒப்பித்தது. சாவி எஞ்சின் முறுக்கிய வில்லோடு பல்லைக் கடித்து நின்றது.

பச்சை மேனி பளபளக்க விருந்தாளி வந்து இறங்கினார். விளக்கு ஒருமுறை மினுங்கியது, சக்கரம் அசையவில்லை.

"தண்டவாளமெல்லாம் துரு. எனக்கு மின்சாரம் இதன் வழியாகத்தான் ஏற வேண்டும். இதில் வண்டியே ஓடுவதில்லையா?" என்று கேட்டார்.

கைகாட்டி சற்றும் கலங்கவில்லை. "துரு துடைக்கும் பெட்டி ஒன்று அடுத்த ஆண்டு வருகிறதாம். அதுவரை யாரும் அசையக் கூடாது."

சாவி எஞ்சினுக்குள் வில் கிறீச்சிட்டது.

"அண்ணே, எனக்கு மின்சாரம் வேண்டாம். நான் பத்துச் சுற்று ஓடினால் துரு உதிர்ந்துவிடும், இவரும் ஓடுவார். இந்த வில் நாளைவரை தாங்காது. இன்றே கையை இறக்குங்கள்."