கழுத்துச் சூடு

"ஒரு குதிரை பேசலைன்னு காலையிலேர்ந்து என் உசிரை வாங்குறியேம்மா. என் புரோகிராம்ல தப்பே இல்ல."

பிஷ்கெக்கிலிருந்து போனில் அலுத்துக்கொண்டான் மெதெர், நுர்ஸாத்துடைய கணவனின் அண்ணன். குதிரை எங்கே மேய்கிறது என்று காட்டும் கழுத்துப்பட்டைக்குப் புரோகிராம் எழுதியவன் அவன். பட்டையைச் செய்தவள் நாரின் மலையடிவாரத்தில் இருக்கும் நுர்ஸாத். தோரு என்ற குதிரையின் பட்டை நேற்றிலிருந்து ஊமையாகிவிட்டது.

"பட்டை மணிக்கொரு தடவை கூப்பிடும். உங்க புரோகிராம் எவ்வளவு நேரம் காது குடுக்குது மாமா?"

"ரெண்டு செகண்டு. அதுக்கு மேல கேட்டா மலை மேல சிக்னல் வாங்குற கோபுரத்துக்குப் பேட்டரி தாங்காது. ஆபீசுல ஒரு தடவைகூடத் தவறல."

"ஆபீசுல ஹீட்டர் ஓடுது. இங்க மைனஸ் முப்பது. பட்டைக்குள்ள இருக்குற கடிகாரப் படிகம் குளிர்ல மெதுவாத்தான் துடிக்கும். அது நேரந்தவறிக் கூப்பிடுறப்ப, உங்க புரோகிராம் காதைப் பொத்திக்கிட்டிருக்கு."

"போன குளிர்காலம் பூரா ஒழுங்காத்தானே கூப்பிட்டுச்சு?"

"அப்ப தோருவோட கழுத்துச் சூடு இருந்துச்சு."

மெதெர் சிரித்தான். "ஓஹோ, பட்டை அவுந்து பனியில கிடக்கா? குதிரையில்லாத பட்டையை வெச்சு என்ன பண்ணப் போற? போனை என் தம்பி சமத்கிட்ட குடு."

"அவர் வெளிய போயிருக்காரு. நேரம் பார்க்காம கேட்டுக்கிட்டே இருக்குற மாதிரி மாத்துங்க மாமா. கெஞ்சிக் கேக்குறேன்."

தான் எழுதியதில் யாராவது குறை சொன்னால் மெதெருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனாலும் முணுமுணுத்துக்கொண்டே மாற்றினான். படிகம் என்று ஒன்று இருப்பதே அவனுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் குரல் இறங்கியது. "நீ சொன்னதுதான்மா சரி. கூப்பிடுது, பத்து செகண்டு தாமதமா. கணவாய்க்குக் கீழ நம்ம பழைய குடிசை வாசலைக் காட்டுது."

"குடிசையா?" நுர்ஸாத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது. "அங்க அடுப்பு இருக்கு."

"பட்டைக்கு எதுக்கும்மா அடுப்பு?"

அவள் ஜன்னலைத் திறந்து, சேணம் பூட்டித் தயாராக நின்ற ஆட்களுக்கு இடத்தைச் சொன்னாள். அவர்களுக்குப் பின்னால், லாயத்தில் தோரு வைக்கோல் மென்றுகொண்டிருந்தது.

"குதிரை நேத்தே வெறும் சேணத்தோட வந்திருச்சு மாமா. பட்டையைக் கழட்டி, குடிசை வாசல்ல மாட்டி, நம்மளைக் கூப்பிடுறது உங்க தம்பி. முன்னாடியே சொல்லியிருந்தா உங்களுக்கு விரல் ஓடியிருக்காது."