கொதிக்கவைத்த தண்ணீர்

“அக்கா, உங்க வீட்டுக்காரர் கால்ல இருக்கிற கிருமி உருமாறிடுச்சு. போன மாசம் மருந்தாக் குடுத்த, கிருமியத் தின்னுற வைரஸால இப்ப அதக் கொல்ல முடியல,” என்றாள் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மெஹருன்னிசா. “கிருமி மாறினா வைரஸும் மாறும். உங்க தெருச் சாக்கடையில புதுசு கிடைக்கலாம். சாக்கடைத் தண்ணி கொண்டுவந்தீங்களா?”

கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை அவர் காலை முழங்காலோடு வெட்டி எடுத்துவிடுவார்கள். செல்லக்கனி தூக்குவாளியை நீட்டினாள். தண்ணீர் குடிக்கலாம்போலத் தெளிந்திருந்தது.

“வடிகட்டினீங்களா?”

“வடிகட்டி, கொதிக்கவும் வெச்சேன். நாத்தத்தோட உங்க கையில எப்படிக் குடுக்க?”

“கொதிச்சா வைரஸ் செத்துருமே அக்கா.”

 செல்லக்கனி தண்ணீரை மெதுவாகக் கைகழுவும் தொட்டியில் ஊற்றினாள்.

“இப்பவே போய் மொண்டுட்டு வர்றேன். மூடி போட்டா அதுக்கு மூச்சு முட்டாதுல்ல?”