எந்திரிடா!

"மாஸ்டர் வந்ததும் ஒரே ஒரு வார்த்தை, 'வாங்க'ன்னு சொல்லிடு. போதும்" என்று கெஞ்சினார் கணவர்.

"சொல்ல மாட்டேன்" என்ற மனைவி, வெந்நீர்ப் பையை அவர் விலாவில் வைத்து அழுத்தினாள்.

"ஆ! மெதுவாடி. நேத்து அந்தப் பையன்கூட இவ்வளவு அழுத்தமா வைக்கலை."

நேற்றுதான் அவருடைய கடைசிக் குத்துச்சண்டை. வழக்கம்போல் தோல்வி. எத்தனை தடவை விழுந்தாலும் எழுந்து நிற்பார் என்பதால் ரசிகர்கள் அவருக்கு ஆசையாக வைத்த பெயர் 'ரப்பர்'. எழுந்ததும் மறுபடி விழுவார் என்பதை அவர்கள் பெரிதுபடுத்துவதில்லை.

"நேத்தோட ரிங்குக்கு முழுக்குப் போட்டாச்சு. என் நிலைமையைப் பாரு. மூக்கு ஒரு பக்கம் போகுது, நான் ஒரு பக்கம் போறேன். இடது காது இனிமே கம்மல் மாட்டத்தான் லாயக்கு. கண்ணாடியில என்னைப் பார்த்தா, 'யார் சார் வேணும்?'னு கேக்கத் தோணுது. இந்த லட்சணத்துல எனக்குன்னு இருக்கறது நீயும் மாஸ்டரும்தான். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கலேன்னா நான் எங்க போவேன், சொல்லு?"

"அந்த மனுஷன் முகத்துல முழிக்கவே எனக்குப் பிடிக்கலை. ஏன்னு உங்களுக்கே தெரியும்."

கதவு தட்டப்பட்டது. அவருக்குக் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்த மாஸ்டர் பழப் பையோடு உள்ளே வந்தார். கட்டிலில் கிடந்தவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்பாடா, ஒருவழியா நிறுத்தினியே! கீழ இருக்கிற வரைக்கும் தங்கமான பிள்ளை. ரிங்ல ஏறிட்டா மட்டும் என் பேச்சைக் கேக்கவே மாட்டே."

"நல்லா இருக்கே கதை! உங்க பேச்சைக் கேட்டுத்தான் மாஸ்டர் இந்தக் கோலம்."

"கேட்டவன் மூஞ்சியாடா இது?"

இருவரும் சிரித்தார்கள். விலா வலித்ததால் கணவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

சமையலறை வாசலில் மனைவி வாயைத் திறக்காமல் நின்றாள். 'சொல்லேன்' என்று கணவர் வீங்கிய கண்ணால் ஜாடை காட்டினார். பார்ப்பதற்குக் கண்ணடிப்பது போலிருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

"தங்கச்சி, வருஷக்கணக்கா என்கூடப் பேசறதில்லை. நான் என்ன தப்பு பண்ணினேன்? இன்னிக்காவது சொல்லும்மா."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள்.

"என்ன தப்பா? விழுந்தவரை விழுந்த இடத்துல விட்டிருந்தா, பத்து எண்ணி முடிச்சதும் முழு ஆளா வீட்டுக்கு வந்திருப்பார். நீங்க மூலையில நின்னு கத்திக் கத்தி எழுப்பிவிட்டு, இன்னும் நாலு குத்து வாங்க வச்சீங்க! இவர் மூஞ்சியைப் பார்த்து நான் அழுதுகிட்டிருப்பேன். இவர் என்னடான்னா, 'மாஸ்டர் குரல் கேட்டா செத்தாலும் எழுந்துடுவேன்'னு பெருமை பேசுவார். எனக்கு வயிறு எரியும்!"

மாஸ்டர் ஒன்றும் புரியாமல் கட்டிலைப் பார்த்தார்.

"ஆமா மாஸ்டர்" என்றார் கணவர். "நான் ஒண்ணும் பெரிய வீரன் இல்லை. விழுந்ததும், 'ஆஹா, தரை எவ்வளவு சுகமா இருக்கு, இப்படியே தூங்கிடலாம்'னுதான் தோணும். நடுவர் எண்ணுறதுகூடக் கேக்காது. உங்க குரல் மட்டும் எங்கிருந்தோ வரும். 'எந்திரிடா! எந்திரிடா!' உடனே எழுந்துடுவேன். உங்க வார்த்தையை ஒரு தடவைகூட நான் மீறினதில்லை. அதுக்கு நன்றி சொல்லணும்னுதான் இன்னிக்கு உங்களை வரச் சொன்னேன்."

மாஸ்டர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் கண்கள் கலங்கிவிட்டன.

"அடப்பாவி! இத்தனை வருஷமா தொண்டை கிழிய நான் கத்தினது, 'எந்திரிக்காதடா! எந்திரிக்காதடா!'ன்னு."