நாடா இல்லாத சப்பாத்து

ஸ்ரீஸ்கந்தராசா பராமரிக்கும் முதியவர் எலியாசர், ஒஸ்லோவில் தனியாக வாழ்கிறார். ஆனாலும் தினமும் காலையில் அவருடைய வாசலில், நாடா இல்லாத ஈரச் சப்பாத்து ஒரு சோடி இருக்கும்.

“இஸ்ரேல் உருவாகுமுன் நான் யூதத் தலைமறைவுப் படையில் இருந்தேன்,” என்றார் எலியாசர். “காட்டிக்கொடுத்தவர்கள் என்று மூன்று பேரைச் சுட்டேன். இந்தச் சப்பாத்துக்குரியவன் அவர்களில் ஒருவன்; இவன் கையை இதன் நாடாவால்தான் கட்டினேன். மூவரில் இவன்தான் குற்றமற்றவன். இவன் மட்டும்தான் வருகிறான்.”

ஸ்ரீஸ்கந்தராசாவும் ஊரில் இயக்கத்தில் இருந்தவர். ஒருவனை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டவர்.

“நான் சுட்டது துரோகியைத்தான். இண்டைவரைக்கும் ஒருத்தனும் வரேல்லை,” என்று தமிழில் முணுமுணுத்தார்.

மறுநாள் காலை, சப்பாத்துக்குப் பக்கத்தில் செம்மண் ஒட்டிய ரப்பர் செருப்பு ஒன்று கிடந்தது.

“மற்றது எங்கே?” என்று எலியாசர் கேட்டார்.

“அவன்ரை காலிலை,” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. “துடிக்கேக்கை ஒண்டுதான் கழண்டது.”