வகுப்புக்கு வெளியே ஓர் அம்மா

"மூணு மாசமாச்சு சிந்துஜா. இன்னும் எத்தனை நாளைக்கு இந்த வாங்குலயே உட்காந்திருக்கப் போறீங்க?"

யசோதா டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. தரம் ஒன்றில் முப்பத்திரண்டு பிள்ளைகள். மற்றத் தாய்மார் எல்லோரும் முதல் வாரத்திலேயே கூட இருப்பதை நிறுத்திவிட்டார்கள். சிந்துஜா மட்டும் பள்ளிக்கூடம் விடும்வரை வகுப்புக்கு வெளியே, அந்த மர வாங்கில்.

அவள் எழுந்து கேட் பக்கம் நடந்தால் போதும், மகள் டிலக்சி வீறிட்டு அழுவாள். மொத்த வகுப்பும் குழம்பிவிடும்.

"போக ஏலாம இருக்கு டீச்சர். அழுறாளே."

"நீங்க பழக்கினதுதான். நாலு நாள் அழட்டும், சரியாயிரும்."

சிந்துஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சண்டை முடியேக்க நான் முள்ளிவாய்க்கால்ல நிண்டனான் டீச்சர். பதினொரு வயசு. பங்கருக்குள்ள அம்மா எனக்குப் பக்கத்திலயே செத்துப் போனா. பிறகு ஒரு வருசம் நான் ஒருத்தரோடயும் கதைக்கேல்ல. பிள்ளை அழுதா என்னால தாங்க ஏலாது."

டீச்சருக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அந்தப் பயத்தை இவளுக்கும் ஊட்டிட்டீங்க. அம்மா இல்லாம ஒரு நிமிசம் இருக்க மாட்டேங்குறா, பாருங்க."

சிந்துஜா திரும்பிப் போய் வாங்கிலேயே உட்கார்ந்தாள்.

மறுநாள் டிலக்சியைக் கூட்டி வந்தது அவளுடைய அப்பா பிரதீஸ். பல்லேகலயில் கார்மண்ட் பாக்டரியில் வேலை.

"சிந்துஜாவுக்குக் காய்ச்சல் டீச்சர். நான் லீவு போட்டுட்டேன். புள்ளைய விட்டுட்டு உடனே வீட்டுக்குப் போகணும்."

டீச்சர் பெரிய அழுகைக்குத் தயாரானார்.

டிலக்சி அப்பாவுக்குக் கை காட்டிவிட்டு உள்ளே வந்தாள். எழுதினாள். பாட்டுக்கு ஆடினாள். இன்டர்வலில் பக்கத்துப் பிள்ளையின் ரொட்டியிலும் பாதி தின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

பள்ளிக்கூடம் விடும் நேரம் டீச்சர் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இன்னைக்கு ஏன் அழல? அம்மா இல்லாட்டி உனக்குப் பயமாச்சே?"

"எனக்கென்ன பயம்? வீட்டுல ஆள் இல்லாட்டி அம்மாவுக்குத்தான் கை நடுங்கும். சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுப்பாங்க. இன்னைக்கு அப்பா இருக்காங்க."

"அப்போ தினமும் அழுதது?"

டிலக்சி டீச்சரின் காதுக்குக் கிட்ட வந்தாள்.

"நான் அழாட்டி, நீங்க அம்மாவைத் தனியா வீட்டுக்கு அனுப்பிருவீங்களே டீச்சர்!"