எல்லை மூங்கில்

எருமப்பட்டி போகும் சாலையில், ஊர் எல்லையில் குறுக்கே கட்டிய மூங்கிலுக்கு முன்னால் உர லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது. ஆலைக்கழிவில் செய்த உரம். தார்ப்பாய் விளிம்பெங்கும் ஈ. இது வேண்டாமென்று கிராம சபையில் கைதூக்கியவர்கள் மூக்கைப் பொத்தியபடி வெயிலில் நிற்கிறார்கள். ஊராட்சித் தலைவர் சரிதாவின் கையில் சென்னையிலிருந்து வந்த கடிதம்: உரத்தைத் தடுக்க ஊராட்சிக்கு அதிகாரமில்லை. அதன் கோபுர முத்திரைமேலும் ஓர் ஈ. டிரைவர் ஹாரனை அழுத்துகிறார். சரிதா குனிந்து கயிற்று முடிச்சுக்குள் விரலை நுழைக்கிறார். தானே போட்ட முடிச்சு, இறுகிக் கிடக்கிறது. "ஏனுங்க தலைவரம்மா, கட்டுனதும் நீங்க, அவுக்கறதும் நீங்களா?" என்கிறார் பக்கத்துக் காட்டில் வெள்ளாமை செய்யும் சடையன். முடிச்சு நழுவுகிறது. மறுமுனையில் தொங்கும் கல்லின் பாரத்தில் மூங்கில் தானாகவே மேலே போகிறது. சரிதா நிமிராமலே சொல்கிறார்: "இதுக்கு மட்டுந்தானுங்க நமக்கு அதிகாரம்."